தறி ஓடுது, அதுக்கென்ன?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ கடந்த ஆறு வருடத்தில் யாராவது ஜவுளிக்கடைத் தள்ளுபடியை நம்பி ஏமாந்திருந்தால், அந்தப் பாவத்தில் கால் பங்கு கனகலட்சுமிக்கு உண்டு. "தாய்மார்களே, பெரியோர்களே, ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம்!" என்று விளம்பர ஆட்டோவின் குழாயிலிருந்து புறப்பட்டு, மூன்று தெரு தள்ளித் தூங்குகிறவனையும் எழுப்பிவிடுகிற வெண்கலக் குரல் அவளுடையதுதான். ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி யாரென்று ஓர் ஈ காக்கைக்கும் தெரியாது. ஒரு நாள் பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரி, "இந்தப் பொம்பளைக்குத் தொண்டையா, தகர டின்னா?" என்று கேட்டாள். "ஆமா, என்ன சென்மமோ" என்று கனகலட்சுமியும் ஒத்து ஊதிவிட்டு இறங்கினாள். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவளுக்குக் கோபம் வந்தது.

தளவாய்புரத்தில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் தமிழில் பள்ளிக்கே முதல் மதிப்பெண். அந்தப் பெருமையோடு இருபது வயதில் சத்திரப்பட்டிக்கு வாழ்க்கைப்பட்டாள். புருஷன் பாண்டிதுரைக்கு வீட்டு முன்கூடத்தில் நான்கு விசைத்தறி. நாட்டில் எவனெவனோ கைகாலை உடைத்துக்கொள்ள, அவனுக்குக் கட்டுவதற்கான பேண்டேஜ் துணி இவர்கள் வீட்டில் ஓடும். தறியில் குறுக்கே பாய்கிற நாடாவுக்கு நூல் சுற்றித் தருவது, அதாவது தார் சுற்றுவது, கனகலட்சுமியின் வேலை. அந்தத் தெருவில் வீட்டுக்கு நான்கு தறி, ஆறு தறி என்று அறுபதுக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை லீவெல்லாம் பெரிய மில்லில் வேலை பார்க்கிற மகராசன்களுக்கு. சொந்தத் தறிக்காரனுக்குக் கிழமையே கிடையாது.

அறுபது தறிகளுக்கு மேலாகக் குரலை ஏற்றி, "சாப்பிட வாரியளா?" என்று வருடக்கணக்கில் கேட்டால் எந்தத் தொண்டையும் வெண்கலமாகிவிடும். ஒரு காதுகுத்து வீட்டுக்கு மைக்செட் போட வந்த ஸ்ரீவில்லிபுத்தூர் தங்கப்பாண்டியன்தான் அந்தத் தொண்டையைக் கண்டுபிடித்தார். "ஏத்தா, நாலு பெட்டி வச்சுப் பாட்டுப் போட்டிருக்கேன். அம்புட்டையும் தாண்டி நீ பாயாசத்துக்கு முந்திரி கேட்டது எனக்குக் கேட்டுச்சு" என்று அன்றைக்கே தன் ஆட்டோ விளம்பரத்துக்குப் பேச வைத்துவிட்டார். அதற்குக் கூலியாகக் கொஞ்சம் பணமும், மனசு வந்தால் கால் கிலோ பால்கோவாவும் தருவார். மனசு பெரும்பாலும் வராது.

பேருந்துச் சம்பவத்துக்குப் பிறகு கனகலட்சுமிக்கு ஒன்று பிடிபட்டது. தள்ளுபடி கூவுகிறவளுக்குப் பெயர் தேவையில்லை. கதை வாசிக்கிறவளுக்குத்தான் பெயர் போடுவார்கள். சென்னையில் ஒரு செயலிக்காரர்கள் கதைகளைக் குரலில் வெளியிடுகிறார்கள், ஒவ்வொரு கதையின் முடிவிலும் 'வாசித்தவர் இன்னார்' என்று சொல்கிறார்கள் என்பதைக் கைப்பேசியில் பார்த்தாள். குரல் தேர்வுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அவர்களே அனுப்பும் பத்து நிமிடக் கதையை வாசித்து மாதம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். ஒருவருக்கு மூன்று வாய்ப்பு, வாய்ப்புக்கு ஒரு புதுக் கதை. கண்டென்சர் மைக்கில் பதிவு செய்ய வேண்டும், பின்னணியில் எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் நிபந்தனை.

"கண்டென்சர்தான? நான் வாங்கியாரேன்" என்று பாண்டிதுரை ராஜபாளையம் போய் ஃபேனுக்குப் போடுகிற கண்டென்சர் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தான். அது வீண்போகவில்லை. அடுப்படி ஃபேன் இரண்டு வருடத்துக்குப் பிறகு சுற்ற ஆரம்பித்தது.

இனி இந்த ஆளை நம்பிப் பயனில்லை என்று அவளே படிப்பில் இறங்கினாள். ஒரு கையில் தார் சுற்றிக்கொண்டே மறு கையில் கைப்பேசியைப் பிடித்து, பதினோரு யூடியூப் பையன்களின் பாடத்தைக் கேட்டாள். எல்லாப் பையன்களும் 'பட்ஜெட் மைக்' என்றுதான் தொடங்கினார்கள், ஒவ்வொருவன் பட்ஜெட்டும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒருவன் காட்டிய மைக் விலை மலிவு. ஆனால் அதற்கு நாற்பத்தெட்டு வோல்ட் கொடுக்க ஒரு பெட்டி வேண்டும், பெட்டிக்கு ஒரு வயர் வேண்டும், எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய தறியே வாங்கிவிடலாம். இன்னொருவனுடைய மைக் சட்டைப்பையில் குத்துகிற அளவுக்குக் குட்டி. அதையும் கண்டென்சர் என்றுதான் சொன்னான், ஆனால் அவன் பேசியது கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. கடைசியில், கைப்பேசியில் நேராகச் செருகி, கைப்பேசி பேட்டரியிலேயே ஓடுகிற மைக் ஒன்றில் அவள் மனசு நின்றது. மேசைமேல் நிறுத்தச் சின்ன முக்காலியும் உண்டு. விலை இரண்டாயிரத்து நானூறு.

தங்கப்பாண்டியனிடம் ஒரு வார்த்தை கேட்டாள். "வேண்டாந்தா. கண்டென்சர் மைக்குங்கது வீட்டோட கெடக்க நாத்தனா மாதிரி. வீட்ல நடக்கது பூராத்தையும் காதுல வாங்கும். எங்கிட்ட பழைய கச்சேரி மைக் கெடக்கு. வாய்கிட்ட வச்சாத்தான் அதுக்குக் கேக்கும், அடுத்தவன் பேச்சக் கேக்காது. அத எடுத்துட்டுப் போ" என்றார்.

அவர் பழைய சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று கனகலட்சுமி நினைத்தாள். அவர் அப்படிப்பட்டவர்தான். ஆனால் அன்றைக்கு மட்டும் உண்மையைச் சொல்லியிருந்தார்.

மைக் வந்தது. கறுப்பாக, கழுத்து நீண்டு, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. முதல் மூன்று நாள் கல்யாண மைக்கில் பேசுவதுபோல் அதன் உச்சந்தலையைப் பார்த்துப் பேசினாள். பிறகுதான் பன்னிரண்டாவது பையன் ஒருவன், பெயர் எழுதியிருக்கிற பக்கம் பார்த்துப் பேச வேண்டும் என்று சொன்னான். 'ப' வருகிற இடத்தில் எல்லாம் மைக்கில் காற்று மோதி 'டொப்' என்று வெடித்தது. அதைத் தடுக்க வலை போட்ட வட்டம் ஒன்று தனியே விற்கிறார்கள். வீடு நிறைய வலைத்துணி கிடக்க அதற்கு ஏன் காசு கொடுப்பானேன்? பழைய மாவுச் சல்லடையின் வளையத்தில் பேண்டேஜ் துணியை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினாள். வெடிப்பு அன்றோடு நின்றது. அடிபட்டவனுக்குக் கட்டுப்போட்டதுபோல மைக் அதன் பின்னால் பரிதாபமாக நின்றது.

பத்து நிமிடத்தையும் வாசித்துப் பதிவு செய்து, அனுப்புவதற்கு முன்னால் தெருவுக்கே போட்டுக் காட்டினாள். பாண்டிதுரை காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஊசி விழுந்தாக்கூடக் கேக்குமுட்டி. அம்புட்டுத் துப்புரவா இருக்கு" என்றான். பக்கத்து வீட்டுக் குருவம்மாள் மதினி கண்ணை மூடிக் கேட்டு, "ஒரு சத்தம் இல்லட்டி. ஒன் கொரலு மட்டும் தனியா நிக்கி" என்றாள். எதிர்வீடு, மூலைவீடு என்று ஒன்பது பேர் கேட்டார்கள். ஒன்பது பேரும் அதையேதான் சொன்னார்கள்.

சென்னையிலிருந்து பதில் வந்தது: 'பின்னணியில் தொடர்ச்சியான இயந்திர ஒலி. மைக் பழுதாக இருக்கலாம்.'

கனகலட்சுமி மைக்கைத் திருப்பி அனுப்பி, மல்லுக்கட்டி, வேறொன்று வரவழைத்தாள். இரண்டாவது கதையை வாசித்தாள். மறுபடி அதே ஒன்பது பேர், அதே சான்றிதழ். மறுபடி அதே பதில். மூன்று வாய்ப்பில் இரண்டு போயிற்று.

பொறுக்க முடியாமல் செயலிக்காரர்களுக்கே போன் போட்டாள். எடுத்தது இந்து என்ற பெண். வருகிற பதிவுகளை எல்லாம் கேட்டுத் தரம் பார்ப்பவள்.

"அக்கா, உங்க குரல் நல்லா இருக்கு. ஆனா பக்கத்துல ரயில் எதுவும் போகுதா?"

"ரயிலா? அது ராஜபாளையத்துலல்லா போவுது. இங்க ஏது?"

"இப்பக்கூடக் கேக்குதே அக்கா."

"என்ன கேக்கு?"

"டக்கடக் டக்கடக்னு. உங்களுக்குக் கேக்கலையா?"

கனகலட்சுமி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு உன்னிப்பாகக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பாவம், சின்னப் பிள்ளை, ராப்பகலாகக் காதில் மாட்டிக் கேட்டுக் கேட்டுக் காது போய்விட்டது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டாள்.

மறுநாள் தங்கப்பாண்டியன் மைக்கைப் பார்க்க நேரில் வந்தார். ஹெட்போனை மாட்டினார். அரை நிமிடம் கேட்டார். கழற்றி வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏத்தா, தறி ஓடுதுல்லா?" என்று கத்தினார். அந்த வீட்டில் கத்தினால்தான் பேச்சு.

"ஓடுது. அதுக்கென்ன?"

"அந்தச் சத்தம்தான் விழுது!"

"தறி சத்தமா?" என்றாள் கனகலட்சுமி. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தத் தெருவில் தறி ஓடுவது சத்தக் கணக்கில் வராது. தறி நின்றால்தான் சத்தம். நூல் அறுந்து ஒரு தறி நின்றால் தூங்குகிறவன் திடுக்கிட்டு எழுந்து உட்காருவான். கரண்டு போனால் தொட்டில் பிள்ளை வீறிட்டு அழும். மீனிடம் போய்த் தண்ணீர் ஈரமாக இருக்கிறதே என்று சொன்னால் அது என்ன சொல்லும்? ஒன்பது பேர் கேட்டும் ஒருவர் காதிலும் விழாத அறுபது தறிகள், இரண்டாயிரத்து நானூறு ரூபாய் மைக்கின் காதில் ஒன்று விடாமல் விழுந்துவிட்டன.

மாதம் முடிய எட்டு நாள் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கப்பாண்டியனின் மைக்செட் குடோனில் வைத்துப் பார்த்தார்கள். அங்கே தறி இல்லை. ஆனால் வாசலில் பஸ் ஹாரன், எதிரே கோயில் ஒலிபெருக்கி, போதாக்குறைக்கு அவருடைய ஆட்டோவே கனகலட்சுமியின் குரலில் தள்ளுபடி கூவிக்கொண்டு வந்து நின்றது. தன் குரலே தன் பதிவைக் கெடுத்தால் யாரைத் திட்டுவது? வீட்டுக்கு வந்து மெத்தை, போர்வை, பழைய சேலை எல்லாவற்றையும் மேலே போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வாசித்தாள். வேர்த்துக் கொட்டி, அரை மயக்கமாக வெளியே வந்ததுதான் மிச்சம். தரையில் வருகிற அதிர்வு முக்காலி வழியாக மைக்குக்குள் ஏறியது.

பாண்டிதுரையிடம் கேட்டுப் பார்த்தாள். "நம்ம நாலு தறிய நான் நிப்பாட்டுவேன். மத்ததுக்கு எங்க போவ?" என்றான். அதுவும் நியாயம்தான்.

அன்றைக்குத்தான் பேப்பரில் அந்தச் செய்தி வந்தது. இருபத்தெட்டாம் தேதி மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து மணி வரை மின்தடை. தெருவே அதைப் படித்துவிட்டு வழக்கம்போல் வாய்க்கு வந்தபடி வைதது. கனகலட்சுமி மட்டும் அந்தத் துண்டைக் கத்தரித்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

இருபத்தெட்டாம் தேதி ஒன்பது அடித்தது. கரண்டு போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக மூச்சை விட்டு நின்றன. தொட்டில் பிள்ளைகள் அழுதன. ஆண்கள் கிடைத்தது நேரம் என்று சுத்தியலும் ஸ்பேனருமாகத் தறியைச் செப்பனிட உட்கார்ந்தார்கள். அவர்கள் பேச்சோ எட்டூருக்குக் கேட்டது. நிறைந்த அமைதியில், கையெட்டும் தூரத்தில் இருக்கிறவனிடம், "ஏலே, அந்த எண்ணெக் குப்பிய எடு!" என்று தொண்டை கிழியக் கத்துவது அந்தத் தெருவுக்கே உரிய நாகரிகம். பத்தரை மணிக்குத்தான் எல்லாரும் ஓய்ந்தார்கள்.

கனகலட்சுமி சல்லடையை நிறுத்தி, மைக்கின் பெயர் எழுதிய பக்கம் பார்த்து உட்கார்ந்து, தன் வழக்கமான குரலில் மூன்றாவது கதையின் முதல் வரியை எடுத்தாள்:

"'உங்க அம்மாவோட அட்டிகையை எடுத்தது நான்தான்' என்று அவள் அவன் காதோரம் கிசுகிசுத்தாள்..."

அரை நிமிடத்தில் குருவம்மாள் மதினி கொண்டையை முடிந்துகொண்டே ஓடிவந்தாள். "அடி பாதகத்தி! ஒன் மாமியா, அட்டிகையக் காணலன்னு சாகுற வரைக்கும் என்னையில்லா திருடின்னு சொல்லிட்டுப் போனா! நீதான் எடுத்தியாட்டி?" பின்னாலேயே பஞ்சாயத்துப் பேச ஏழெட்டுப் பேர். பாண்டிதுரை கையில் ஸ்பேனரோடு வாயைப் பிளந்து நின்றான். இது கதை, காகிதத்தில் இருப்பது என்று காட்டிப் புரியவைக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகும் ஒருவரும் போகவில்லை. "சரி, எடுத்தா. பொறவு அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டு ஜன்னலடியில் சம்மணம் போட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கூட்டம் அடங்கியதும் பதிவைப் போட்டுக் கேட்டாள். தறியும் ஒலிபெருக்கியும் இல்லாமல் தன் குரலைத் தனியாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. காதோரம் கிசுகிசுக்கிற பெண் சந்தையில் கத்தரிக்காய் விற்கிறாள். பேருந்தில் கேட்டவள் சொன்ன தகர டின் இதுதானா என்று கனகலட்சுமிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. பள்ளிக்கூடத்தில் செய்யுள் வாசித்தபோது டீச்சர் எழுந்து வந்து பக்கத்தில் நின்று கேட்பாளே, அந்தக் குரல் எங்கே போயிற்று? போயிற்றா, இல்லை உள்ளேதான் கிடக்கிறதா?

பதினொரு மணி. மைக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தாள். தொண்டையைத் தளர்த்தினாள். எத்தனையோ வருடமாக யாரிடமும் பேசாத அளவுக்கு மெதுவாகத் தொடங்கினாள். முதல் இரண்டு வரி கரகரத்தது. மூன்றாவது வரியில் பிடி கிடைத்தது. ஜன்னலடியில் இருந்தவர்கள் முதலில், "கேக்கலட்டி" என்று முணுமுணுத்தார்கள், பிறகு அவர்களாகவே அடங்கி, நகர்ந்து நகர்ந்து ஜன்னல் கம்பியில் காதை வைத்தார்கள்.

எட்டாவது நிமிடம் டியூப்லைட் எரிந்தது. ஐந்து மணிக்கு வர வேண்டிய கரண்டு பதினொன்றே காலுக்குள் வந்துவிட்டது. அப்படி ஒரு அதிசயம் அந்தத் தெரு கண்டதில்லை. அன்றைக்குப் பார்த்தா அது நடக்க வேண்டும்? இனி எண்ணிப் பத்து நொடியில் ஒவ்வொருவனும் ஸ்டார்ட்டரை அமுக்குவான்.

குருவம்மாள் மதினிதான் எழுந்தாள். வாயைத் திறக்கவில்லை. கையை உயர்த்தி, விரல்களை மடக்கி, அப்படியே நிறுத்து என்று சைகை காட்டினாள். தறிக்கூடத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது என்பதால் நூல் அறுந்தது, சோறு வந்தது, வட்டிக்காரன் வருகிறான் என்று எல்லாவற்றுக்கும் அந்தத் தெருவில் கைப்பாஷை உண்டு. மதினியின் கையைப் பார்த்து எதிர்வீட்டுக்காரன் கையைத் தூக்கினான். அவனைப் பார்த்து அடுத்தவன். மூலைவீடு வரைக்கும் கை போயிற்று. அன்பினால் என்று நினைத்துவிட வேண்டாம். அட்டிகையை எடுத்தவளைப் புருஷன் மன்னித்தானா இல்லையா என்று தெரியாமல் ஒருத்தியும் நகர மாட்டாள், பொம்பளைகள் நகராமல் தார் வராது. அறுபது தறியும் இரண்டு நிமிடம் கரண்டை வைத்துக்கொண்டு சும்மா நின்றன. கனகலட்சுமி கடைசி வரியை வாசித்து, ஒரு மூச்சு விட்டு, "வாசித்தவர், கனகலட்சுமி" என்றாள்.

இரண்டாம் நாள் இந்து போன் செய்தாள். "அக்கா, அந்தக் குரலை எங்க வச்சிருந்தீங்க இவ்வளவு நாளா?" தேர்வாகிவிட்டாள். வாரத்துக்கு ஒரு கதை தருவதாகச் சொன்னார்கள். கனகலட்சுமி மாதத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அது மின்வாரியத்தின் வசதியைப் பொறுத்தது என்று பதில் சொன்னாள். தெருவுக்கே அன்று டீ வாங்கிக் கொடுத்தாள். தங்கப்பாண்டியன் முதல்முறையாக அரை கிலோ பால்கோவா கொண்டுவந்து, அதில் பாதியை அவரே தின்றுவிட்டுப் போனார்.

பாண்டிதுரை மட்டும் அந்த இருபத்தெட்டாம் தேதியிலிருந்து ஒரு மாதிரி இருந்தான். டீ வாங்கிக் கொடுத்த மறுநாள் முற்பகல், அவள் தார்க்கூடையை வைக்க வந்தபோது, தறிக்கு மேலாகக் கத்திக் கேட்டான்.

"அந்தக் கொரலு ஒனக்கு இருக்குன்னு எனக்குத் தெரியாதேட்டி! கல்யாணம் ஆன நாளையிலருந்து எங்கிட்ட ஒரு தடவகூட அப்பிடிப் பேசுனதில்லையே!"

"பேசியிருக்கேன்!" என்று அவளும் கத்தினாள். "மொத ரெண்டு வருசம் அப்பிடித்தான் பேசுனேன்!"

"என்னத்தப் பேசுன?"

"எம்புட்டோ பேசுனேன்! டீச்சர் ட்ரெயினிங் படிக்கட்டுமான்னு ஒரு நாளு கேட்டேன். தலைய ஆட்டுனிய. சரின்னுட்டியன்னு எங்க அப்பாவுக்கு ஆள் விட்டு அப்ளிகேசன் பாரம்கூட வாங்கச் சொல்லிட்டேன். பொறவுதான தெரிஞ்சுது, நீங்க தறியில பாவு நூலு அறுந்துருக்கான்னு பாத்துத் தலைய ஆட்டியிருக்கிய!"

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பாண்டிதுரை சிரிக்கவில்லை. நேரே போய் நான்கு தறியையும் ஒவ்வொன்றாக நிறுத்தினான். மறுநாள் காலை பண்டல் கட்டி அனுப்ப வேண்டிய துணி அப்படியே பாதியில் நின்றது.

"இப்பச் சொல்லு" என்றான்.

"இப்ப என்னத்தச் சொல்ல? நாப்பது வயசாகப்போவுது. தறியப் போடுங்க."

அவன் போடவில்லை. அவள் கூடையைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். பிறகு மெதுவாக என்னவோ சொன்னாள். இருபக்கத்து வீடுகளிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது, அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கிட்டே வந்து, குனிந்து, தன் காதை அவள் வாயருகே வைத்தான்.